அப்பா அறையில் ஒரு புள்ளி சிக்னல்

மார்ச் 3

சுண்டு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. நேற்று அப்பா விழுந்துவிட்டார்.

பதறாதே, எலும்பு எதுவும் முறியவில்லை. நெற்றியில் மூன்று தையல், முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் நான் போய்ப் பார்க்கும்போது அவர் தரையில் கிடந்தார், கூப்பிடத் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ வாங்கி அனுப்பினாயே ஒரு ஸ்மார்ட் டப்பா, அதுவே சொன்னது. 11.05-க்குப் பொத்தான் அழுத்தப்பட்டது, இணைப்பு இல்லை என்று முகத்தில் பளிச்சென்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் கதவைத் திறந்தது பதினொன்றே முக்காலுக்கு. மூன்று தரம் அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை என்றதும் தானே எழுந்து பாத்ரூமுக்குப் போகப் பார்த்திருக்கிறார்.

நான் எங்கே போயிருந்தேன்? எங்கும் போகவில்லை. வாசலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் பல்லை இல்லை, ஊரார் பல்லை. அந்த மோட்டார் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது என்பது உனக்கே தெரியும். அதற்காகத்தானே இந்த ஏற்பாடு: அவர் இடது கையால் பொத்தானை அழுத்தினால் என் மேஜையில் மஞ்சள் விளக்கு எரியும், பல் செட் கொடுக்க நான் கிளினிக்குக்குப் போயிருந்தால் என் போன் அலறும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாசலறையில் ரூட்டருக்குப் பக்கத்தில் எல்லாப் புள்ளியும் எரிகிறது. அப்பா அறைக்குள், கதவு ஒருக்களித்திருந்தால், ஒரே ஒரு புள்ளி. அதுவும் நம் சித்தப்பா வேலைக்குப் போன லட்சணத்தில்தான். இருக்கும், போகும், கேட்டால் பதில் வராது.

கதவைத் திறந்து வை என்று எழுதிவிடாதே. வாசலறையிலிருந்து பறக்கிற பிளாஸ்டர் தூள் ஒரு கரண்டி உள்ளே போனால் போதும், அன்று முழுக்க இருமுகிறார். அவர் இருமுவதைப் பார்க்க முடியாது சுண்டு. ஒரு பக்க உடம்புதான் இருமுகிறது.

ஏழு மாதமாயிற்று. பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் வந்தாய், சுவரோரமாக நின்றாய், போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை, டப்பா வந்தது. போனில் உன்னைக் கேட்ட கேள்வியை எழுத்திலும் கேட்கிறேன்: எங்கோ வானத்தில் முணுமுணுக்கிறதெல்லாம் உனக்குக் கேட்கிறது, பெற்ற அப்பா கூப்பிடுவது கேட்கவில்லையா?

டாக்டர் ஒரு காப்பகத்தைச் சொல்லியிருக்கிறார். சுத்தமான இடம், போய்ப் பார்த்தேன். இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி வரை ஓர் அறையை நமக்காகப் பிடித்து வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவர் கூப்பிட்டால் எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு வழி செய். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இன்னொரு நாற்பது நிமிடத்தை என்னால் தாங்க முடியாது.

அக்கா


மார்ச் 8

அக்கா,

வேன்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது கம்பத்தின் மேல் இருந்தேன். அங்கேயே படித்தேன். இறங்க வெகு நேரமாயிற்று.

நீ கேட்டது சரிதான். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் இப்போது எழுத வரவில்லை. முதலில் சிக்னலைப் பார்ப்போம், அது எனக்குத் தெரிந்த வேலை.

ரூட்டரை எங்கே வைத்திருக்கிறாய்? தரையிலோ அலமாரிக்கு உள்ளேயோ இருந்தால் எடுத்து உயரத்தில் வை. பிரிட்ஜ், பெரிய கண்ணாடி, இரும்பு பீரோ இவற்றுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. உன் மோட்டாருக்குப் பக்கத்திலும் கூடாது, அது ஓடும்போது பொறி பறக்கும், பொறி என்றாலே இரைச்சல்தான். இரண்டு ஆண்டெனாவையும் நட்டுக்குத்தலாக நிமிர்த்து. அதிலிருந்து வரும் இரண்டு பெயர்களில் 5 என்று முடிகிறதை விட்டுவிடு, அது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மற்றதில் டப்பாவை இணை. அதற்கும் மசியவில்லை என்றால் நெட்காரரிடம் சொல்லி அப்பா அறை வாசலுக்கு வெளியே ஒரு எக்ஸ்டெண்டர் செருகு. அது ரூட்டர் சொல்வதைக் கேட்டுத் திரும்பச் சொல்லும். நம் வீட்டில் இருப்பது சாதாரணச் செங்கல் சுவர், ஒன்பது அங்குலம். நான் பிறந்து வளர்ந்த வீடு, எனக்குத் தெரியாதா? ஒரு செங்கல் சுவருக்கு வைஃபை இப்படிச் சாகாது.

எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வைஃபையே கூடாது என்று சொல்கிற ஒரு பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு உனக்கு வைஃபை வைத்தியம் எழுதுகிறேன். இங்கே கைபேசி இல்லை, ரிமோட் சாவி இல்லை. வண்டிகளெல்லாம் டீசல், பெட்ரோல் இன்ஜினில் பொறி உண்டு என்பதால் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். இருப்பது ஒரே ஒரு கம்பி போன், அது சீஃப் மேஜையில். என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் கசிவு பிடிக்கிறவள். வானத்து ரேடியோ அலையைப் பிடிக்கிற எங்கள் பெரிய கிண்ணத்தைச் சுற்றி எங்கே எந்தக் கருவியிலிருந்து அலை கசிந்தாலும் மோப்பம் பிடித்துப் போய் அடைக்க வேண்டும். பதினொரு நாள் அலைந்து போன வாரம் ஒரு கசிவைப் பிடித்தேன். காவலாளி முழங்கால் வலிக்குக் கட்டியிருந்த மின்சாரச் சூட்டுப் பட்டை! பாவம், மனைவி ஆசையாக வாங்கித் தந்ததாம். பிடுங்கும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஏன் இவ்வளவு பாடு என்பாய். அக்கா, அந்தக் கிண்ணத்தில் வந்து விழுவது எவ்வளவு மெல்லியது என்று சொன்னால் நம்பமாட்டாய். இந்தப் பூமி உருண்டு திரள்வதற்கு முன்பே எங்கிருந்தோ புறப்பட்ட ஒன்று, இத்தனை இருட்டையும் கடந்து, யாரும் கேட்பார்களா இல்லையா என்று தெரியாமலே வந்து சேர்கிறது. முதன்முதலில் அதைத் திரையில் ஒரு சின்ன மேடாகப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் கையைக் கூடக் கட்டிக்கொண்டேன், ஏதாவது அசைத்துக் கலைத்துவிடுவேனோ என்று.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. உனக்குக் கோபம்தான் வரும். ரூட்டரை மாற்றி வைத்துவிட்டு எழுது. தையல் பிரித்தாயிற்றா?

சுண்டு


மார்ச் 14

சுண்டு,

கோபம் வரவில்லை. பொறாமை வந்தது. உனக்குப் புல்லரிக்கவாவது நேரம் இருக்கிறது.

தையல் பிரித்தாயிற்று. நீ சொன்னதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்தேன். ரூட்டர் இப்போது பிளாஸ்டர் தாடைகள் அடுக்கியிருக்கும் தட்டுக்கு மேலே, உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே, காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தாறு ஜோடிப் பல் கீழே இருந்து அதைப் பார்த்து இளிக்கிறது. பிரிட்ஜைத் தள்ளினேன். கண்ணாடியைக் கழற்றினேன், தலை சீவ இப்போது கரண்டியில் முகம் பார்க்கிறேன். நெட்காரர் வந்து எக்ஸ்டெண்டர் செருகினார். அப்பா அறை வாசலில் நின்று போனைக் காட்டினார், நாலு புள்ளி. "பாத்தீங்களாம்மா? ஜோரா வருது!" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூஜ்யம். திறந்தார், நாலு. சாத்தினார், பூஜ்யம். அந்த மனிதர் ஏழு தரம் திறந்து சாத்தியிருப்பார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு ரூமைப் பாத்ததில்லம்மா. வீட்டுக்குள்ள கடல் இருக்கிற மாதிரி இருக்கு, கரை வரைக்கும் வருது, அதுக்கு மேல போகல" என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போனார்.

இது போதாதென்று அப்பா.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நெட்காரர் ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் அப்பா இடது கையால் சுவரை அடித்தார். தட்டவில்லை, ஓங்கி அடித்தார். பிறகு, அந்த உயிரில்லாத வலது கையை மடியில் எடுத்து வைத்தார். அதன் விரல்களை ஒவ்வொன்றாக அகட்டி வைத்தார். அதன் மேல் இடது கை விரல்களைக் குறுக்கே பரப்பி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கம்பி. ஜெயில் கம்பி. சுவரை அடிக்கிறார், கம்பியைக் காட்டுகிறார். மறுபடி சுவர், மறுபடி கம்பி. எனக்குப் புரியாமல் இல்லை. காப்பகத்துப் படிவத்தை மேஜையில் வைத்திருந்தேன், பார்த்துவிட்டார் போலிருக்கிறது. என்னை ஜெயிலில் போடப் போகிறாயா என்று கேட்கிறார்.

நான் என்ன சொல்வது? "இல்லப்பா, உங்களை எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்று வாய் வரை வந்தது. பொய் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து மோட்டாரைப் போட்டுவிட்டு அழுதேன். சத்தத்தில் யாருக்கும் கேட்காது, அது ஒன்றுதான் இந்தத் தொழிலில் வசதி.

நான் களைத்துவிட்டேன் சுண்டு. ஒரு பல் செட்டில் மேல் வரிசையைக் கீழ் வரிசையாகச் செய்து, டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தத் தொழிலுக்கு வந்து பதினாறு வருஷத்தில் நடக்காத காரியம். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றுகொண்டே வேலை செய்கிறேன்.

பத்தாம் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. இந்த மாதக் கடைசியில் படிவத்தைக் கொடுத்துவிடுகிறேன். நீ உன் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 18

அக்கா, கையெழுத்துப் போடாதே!

சீஃப் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி நேற்று நாலு தடவை உனக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும், அல்லது நம்பரைப் பார்த்து வேண்டாம் என்று விட்டிருப்பாய். இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை, இதைப் படி. வேன்காரர் நகரத்துக்குப் போய் விரைவுத் தபாலில் போடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

அது ஜெயில் கம்பி இல்லை. கோழிவலை.

உனக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அப்பா வேலை செய்த கட்டடங்களுக்குச் சாப்பாட்டுக்கூடை தூக்கிப் போனது நான். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாய். சாரத்தின் மேல் மூன்றாம் மாடி உயரத்தில் நிற்கிற கொத்தனார் கீழே கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஜல்லி மெஷின் ஓடும். அதனால் எல்லாவற்றுக்கும் கை ஜாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் கலவை. முஷ்டியை மடக்கினால் தண்ணீர். இரண்டு கை விரல்களையும் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே வைத்துக் காட்டினால் வலை. பூச்சு வேலையில் சுவர் விரிசல் விடாமல் இருக்க, சிமெண்டுக்கு அடியில் கம்பி வலையை இழுத்து அடிப்பார்கள், அது. அவர் இந்த ஜாடை காட்டி நான் எத்தனை சுருள் வலையை உருட்டிக்கொண்டு போய்க் கயிற்றில் கட்டியிருப்பேன்!

இப்போது நினைத்துப் பார். எனக்கு ஐந்து வயது, உனக்கு ஒன்பது. அந்த அறையில்தானே நாம் படுத்திருந்தோம். கூரைப் பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து என் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அடுத்த நாளே நம்மைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அப்பா பத்து நாள் அந்த அறைக்குள்ளேயே கிடந்தார். திரும்பி வந்தபோது சுவரெல்லாம் புதுசாக இருந்தது. "இனிமே ஒரு துரும்பு விழாது" என்றார். விழவும் இல்லை. அப்பா வெறுமனே பூசவில்லை அக்கா. நாலு சுவருக்கும் கூரைக்கும் சேர்த்து வலை அடித்திருக்கிறார். ஒரு சுவரின் வலையை அடுத்த சுவரின் வலையோடு கம்பி போட்டு முறுக்கியிருப்பார், அவர் வேலை அப்படி. கதவுக்கும் கரையான் வருகிறதென்று தகடு அடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலோ பின்பக்கம், வாசலறையிலிருந்து போகிற அலை அதைச் சுற்றி வந்து எட்டிப் பார்க்காது.

வைஃபை அலையின் நீளம் உன் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கோழிவலையின் கண்ணில் சுண்டுவிரல்தான் நுழையும். அலையால் நுழைய முடியாது. அதனால்தான் கதவைச் சாத்தினால் பூஜ்யம்.

இதில் எனக்குத் தலை சுற்றுகிற விஷயம் என்ன தெரியுமா? இங்கே கிண்ணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரு கூண்டறைக்குள் வைத்திருக்கிறோம், அவற்றின் கசிவு வெளியே போகக் கூடாதென்று. நாலு சுவரிலும் கூரையிலும் செம்பு வலை, கதவுக்குத் தகடு. சாத்தினால் எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. அதைக் கட்டிப் பராமரிப்பதுதான் என் வேலை. போன வருஷம் ஆறு மாதம் போராடியும் ஒரு மூலையில் கசிந்துகொண்டே இருந்தது. நான் இதற்காகப் படித்தேன், தேர்வு எழுதினேன். அப்பா வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு, கோழிவலையில், பத்தே நாளில், தனி ஆளாகக் கட்டிவிட்டார். அலை என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நம் தலையில் எதுவும் விழக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். அந்தக் கூண்டுக்குள் பதினெட்டு வயது வரை படுத்துத் தூங்கிவிட்டு, "சாதாரணச் செங்கல் சுவர், எனக்குத் தெரியாதா" என்று உனக்கு எழுதியிருக்கிறேன் பார். எனக்கு யார் வேலை கொடுத்தார்கள்?

அவர் ஜெயிலைச் சொல்லவில்லை. நெட்காரர் கதவைத் திறந்து சாத்தித் திண்டாடுவதைப் பார்த்து, விஷயம் என்ன என்று கண்டுபிடித்து, காரணத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் புத்தி முழுசாக இருக்கிறது அக்கா. முழுசாக.

நீ செய்ய வேண்டியது இதுதான். கூண்டுக்கு வெளியே நின்று எத்தனை எக்ஸ்டெண்டர் வைத்துக் கத்தினாலும் பயன் இல்லை. ரூட்டரிலிருந்து ஒரு நெட் கேபிளை, நீல வயர் இருக்குமே, அதைச் சுவர் வழியாக உள்ளே கொண்டுபோய் அறைக்குள் இன்னொரு சின்ன ரூட்டரை வை. டப்பா அதோடு பேசும், அது வயர் வழியாக வெளியே பேசும். ஒரே ஒரு துளை போதும். எங்கே போடுவது என்று என்னைக் கேட்காதே. அவரைக் கேள்.

சுண்டு


மார்ச் 25

சுண்டு,

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் உட்கார்ந்தேன். என் விரல்களை அவர் காட்டியது போலவே குறுக்கே வைத்தேன். "வலையாப்பா? செவுத்துக்குள்ள கோழிவலையா?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் சுண்டு. ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. வாயின் ஒரு பாதிதான் மேலே போனது, ஆனால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். அப்பாடா, இந்த மரமண்டைகளுக்கு ஒரு வழியாக விளங்கிவிட்டதே என்கிற சிரிப்பு. எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. பதினொரு நாள், ஜெயில் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு ஊட்டியிருக்கிறேன். "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். இடது கையை வீசிக் காட்டினார், அதெல்லாம் அப்புறம், வேலையைப் பார் என்று.

நெட்காரர் துளைபோடும் மெஷினோடு வந்தார். கதவு நிலைக்குப் பக்கத்தில் போடலாம் என்றார். அப்பா தலையை ஆட்டினார், இல்லை. ஜன்னல் பக்கமா என்றார். இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார வைத்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொண்டார். இடது கை விரல்களால் சுவரைத் தடவிக்கொண்டே போனார், மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாக. மூலையிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, இடுப்பு உயரத்தில், விரல் நின்றது. நகத்தால் ஒரு புள்ளி கீறினார்.

மெஷினை நேராகப் போட எனக்குப் பயம். என் பல் குடையும் சின்னக் கருவியை எடுத்து வந்தேன். அப்பா கீறிய இடத்தில் பூச்சை மட்டும், சொத்தையைச் சுரண்டுவது போல், தூள் தூளாக எடுத்தேன். சிமெண்ட் விலகியதும் ஒரு மினுக்கம் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு சுருள் வலை வந்து சேருகிற இடம். இரண்டின் விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, முறுக்குக்கும் முறுக்குக்கும் நடுவில் சரியாக ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறார். அந்த இடைவெளியில்தான் அவர் நகம் பட்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்பு பூசி மூடியதை, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மயிரிழை தப்பாமல்! கம்பியில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. நேற்று வாங்கி அடித்தது போல் இருந்தது.

நெட்காரர் மெஷினைக் கீழே வைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, இந்தக் காலத்துல ரெண்டு மூலைக்கு வலை அடிச்சுட்டு முழு வீட்டுக்கும் அடிச்சேன்னு சொல்றாங்கய்யா" என்றார். அப்பாவின் கழுத்து நிமிர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் அந்த ஓட்டை வழியாக வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரையில் ஒரு சின்ன மேட்டைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதாக எழுதினாயே, அப்போது அது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஒரு கம்பி கூட அறுபடாமல் நீல வயர் உள்ளே போயிற்று.

இரவு எட்டு மணிக்கு முதல் தடவை அழுத்தினார். கதவு சாத்தியிருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் மேஜையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் கையிலிருந்த தாடையைக் கீழே போட்டுவிட்டேன், உடைந்தது, போகட்டும்.

படிவத்தை இன்னும் கிழிக்கவில்லை. இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. டப்பா சரியாகிவிட்டது, நான் சரியாக வேண்டுமே.

அக்கா


மார்ச் 31

அக்கா,

உன் கடிதத்தைச் சீஃப் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீ திட்டுவாய், ஆனால் அடக்க முடியவில்லை. எல்லாரும் படித்தவர்கள், கூண்டு கட்டுவதில் பேர் போனவர்கள். கண்ணை மூடிக்கொண்டு நகம் வைத்த இடம் வந்தபோது எல்லாரும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள். சீஃப் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

முதல் கடிதத்தில் நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் வராததற்கு வேலை காரணம் இல்லை. லீவு நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அப்பா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்தார், வெறும் காற்றுதான் வந்தது. நான் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த மனிதர். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை அக்கா. அவர் போய்விட்டார், உடம்பு மட்டும் இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உடம்புக்கு டப்பா போதும் என்று நினைத்தேன். எத்தனை கேவலம். இத்தனை மெல்லியதையெல்லாம் கேட்கத் தெரியும் என்று பீற்றிக்கொண்டிருந்தவள், ஒரு மனிதர் சுவரை ஓங்கி அடித்துச் சொன்னதற்குக் கடிதம் வழியாகத்தான் காது கொடுத்திருக்கிறேன்.

நீ தனியாகச் சுமந்தாய். மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. ஏப்ரல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மாதம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். பார்க்க வரவில்லை, வேலை செய்ய வருகிறேன். பல் செட்டில் மேல் எது கீழ் எது என்று சொல்லிக்கொடு.

விளக்கு விடாமல் எரிகிறதா?

சுண்டு


ஏப்ரல் 6

சுண்டு,

விளக்கு விடாமல் எரிகிறது. அதுதான் பிரச்சினை.

சொல்கிறேன் கேள். முதல் நாள் ஐந்து தடவை கூப்பிட்டார். சரி, புதுப் பொம்மை, அழுத்திப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் எட்டு. ஓடிப் போய்க் கதவைத் திறந்தால், தண்ணீர் வேண்டுமா, இல்லை. பாத்ரூம், இல்லை. வலிக்கிறதா, இல்லை. தலையணையைச் சரிசெய்யவா, இல்லை. சும்மா பார்க்கிறார். நான் திரும்பி வந்து மோட்டாரைப் போட்டு அரை மணி ஆகியிருக்காது, மறுபடி விளக்கு. முந்தாநாள் பன்னிரண்டு தடவை. நாலு டாக்டருக்குச் செட் கொடுக்க வேண்டிய நாள். பன்னிரண்டாம் தடவை போய் நின்று கத்திவிட்டேன். "என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு? சிக்னல் வருதான்னு பாக்கறீங்களா? வருது! நல்லா வருது! என் உயிர வாங்காதீங்க!"

அவர் கோபப்படவில்லை. கட்டிலோரத்தை இடது கையால் தட்டினார். இரண்டு தட்டு. நான் நின்றுகொண்டே இருந்தேன். மறுபடி தட்டினார். உட்கார்ந்தேன், கத்தத் தெம்பில்லாமல்தான் உட்கார்ந்தேன். என் தோளில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தேன், விடவில்லை. அந்த ஒரு கையில் இன்னும் அத்தனை பலம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் மூச்சு நிதானத்துக்கு வந்ததும் கையை எடுத்தார். போ என்று காட்டினார்.

வெளியே வந்து டப்பாவின் பட்டியலைப் பார்த்தேன். நீ அனுப்பியதுதானே, எல்லா நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறது. சுண்டு, அவர் தனக்காக ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மோட்டார் அதிர்வு அந்தச் சுவரில் அவருக்குத் தெரிகிறது, கை வைத்துப் பார்ப்பார் போலிருக்கிறது. நான் நிறுத்தாமல் அரை மணி ஓட்டினால் விளக்கு எரிகிறது. மதியம் சாப்பிடாமல் வேலை செய்த அன்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். அவருக்கு ஒன்றும் வேண்டாம். என்னை உட்கார வைக்கத்தான் கூப்பிடுகிறார்.

அதைப் பார்த்துவிட்டுக் காப்பகத்துக்குப் போன் போட்டு, அறையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல? அப்பாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன்.

நீ பன்னிரண்டாம் தேதி வா. பல் செட்டில் மேல் வரிசை அகலமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தை. இன்னும் நிறைய எழுத வேண்டும், ஆனால் மோட்டாரைக்கூட நிறுத்தாமல் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டே எழுதுகிறேன் என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

விளக்கு எரிகிறது. உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.